சாணி போடாத கன்று

ஆவாரங்காட்டுப்புதூர் மாட்டுச் சந்தைக்குக் கம்பெனிகள் கன்றுகளாக வந்து நின்ற அந்த ஆவணி மாத வியாழக்கிழமையன்று, சந்தையில் சாணி அள்ளும் குத்தகையை எடுத்திருந்த மயிலாத்தாளுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் எப்போதும் வருகிற மாடுகளோடு முப்பத்தேழு கன்றுகள் கூடுதலாக வேப்பமரத்தடியில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன, முப்பத்தேழு கன்றுகள் கூடுதல் என்றால் முப்பத்தேழு தடவையாவது கூடுதலாகக் குனிய வேண்டும், அவளுக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது. ஓட்டி வந்தவர் என்று யாரும் இல்லை, கழுத்தில் கயிறு இல்லை, எந்த வண்டியிலிருந்து இறங்கின என்று கண்டவர் இல்லை. யாருடைய கன்றுகளோ, உடையவர் வரட்டும் என்று இருந்துவிட்டார்கள், சந்தையென்றால் அப்படித்தான்.

கால்நடை மருத்துவர் பிருந்தா வந்து காதைப் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அரசாங்கம் போடுகிற மஞ்சள் வில்லை ஒவ்வொரு கன்றின் காதிலும் இருந்தது, ஆனால் அதில் எண் இருக்கவேண்டிய இடத்தில் ஷேர் மார்க்கெட்டில் பட்டியலிட்ட கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன. ஒரு கறுப்புக் கன்று சிமெண்டு கம்பெனி, சாம்பல் பூத்த ஒரு மயிலைக் கன்று மருந்துக் கம்பெனி, நொண்டி நொண்டி நடந்தது ஒரு விமானக் கம்பெனி. பிருந்தா வாசித்துக்கொண்டிருக்கும்போதே சிமெண்டுக் கன்று தும்மியது, பக்கத்தில் நின்ற ஒருவர் செல்போனைத் திறந்து பார்க்க, அந்தக் கம்பெனியின் பங்கு மூன்று சதவீதம் இறங்கியிருந்தது. மருந்துக் கன்று ஒரு துள்ளு துள்ளியது, ஐந்து சதவீதம் ஏறியது. அதற்குப் பிறகு மத்தியானம்வரை பதினோரு பேர் பதினோரு வைக்கோல் குச்சிகளை எடுத்துக்கொண்டு சிமெண்டு கம்பெனியின் மூக்கில் விட்டு விட்டுப் பார்த்துச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டார்கள், பம்பாயில் யார் யாரோ எதற்கென்று தெரியாமல் வேர்த்துப் போயிருப்பார்கள்.

ஏன் வந்தன, எப்படி வந்தன என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு கேள்விகள். சுங்கம் வசூலிக்கிற குத்தகைக்காரர், கம்பெனிக்குக் கன்றுச் சுங்கம் போடுவதா எருதுச் சுங்கம் போடுவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, கடைசியில் கன்றுகளிடம் வாங்க முடியாது என்று பட்டதால் பார்க்க வருகிறவர்களிடம் வாங்கினார். பருத்திக்கொட்டை விற்கிறவர் கடையை வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினார். கோயில் பூசாரி முப்பத்தேழு கழுத்துக்கும் மஞ்சள் துணி கட்டிவிட்டு, இன்ன கம்பெனிக்கு இன்ன நட்சத்திரம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டார். கன்றுகளை விற்கவோ ஓட்டிக்கொண்டு போகவோ முடியாது, ஓட்டினால் நாலு எட்டு வைத்துத் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்ததும், ஊர் கூடி ஒரு முறை வகுத்தது. செல்போனில் பங்கு வாங்கியவர் தன் கம்பெனிக் கன்றை வந்து பார்க்கலாம், தீனி வைக்கலாம், பத்துப் பங்குக்கு ஒரு தரம் வீதம் கழுத்தைச் சொறிந்துவிடலாம். கோயம்புத்தூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, ஆயிரம் பங்குக்குக் கணக்காக நூறு தரம் சொறிந்துவிட்டு, கை வலிக்க, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிப் போனவர்கள் உண்டு.

எந்தப் பங்கு வளரும் என்று கண்டுபிடிக்க நகரத்துக்காரர்கள் எத்தனையோ புத்தகம் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களாம், ஆவாரங்காட்டுப்புதூருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. எந்தக் கன்று வளரும் என்று பார்ப்பது அந்த ஊருக்குக் கைவந்த வேலை. அதனால் மாவட்டத்தின் முதலீட்டு ஆலோசனை முழுவதும் ஒரே வாரத்தில் மாட்டுத் தரகர்கள் கைக்கு வந்து சேர்ந்தது, தரகர்களிலும் மயிலாத்தாளின் புருஷன் நாச்சிமுத்து கைக்கு வந்து சேர்ந்தது.

நாச்சிமுத்துக்கு ஐம்பத்தாறு வயது, வெள்ளைச் சட்டை, தோளில் கெட்டிச் சிவப்புத் துண்டு. வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் அந்தத் துண்டுக்கடியில் கோர்த்து, விரலைப் பிடித்தே விலை பேசி, வெளியில் ஒரு எழுத்துத் தெரியாமல் முடித்துக் கொடுப்பார். இப்போது அதே துண்டுக்கடியில், கம்பெனி சம்பாதிக்கிற லாபத்துக்கு எத்தனை மடங்கு விலை கொடுக்கலாம் என்று பேசினார்கள். மருந்துக் கன்றுக்கு முப்பது மடங்கு என்றால் மூன்று விரல். ஆனால் ஒரு வெள்ளைக் கன்று நின்றதே, அதற்குப் பத்து விரலும் போதாமல், தரகர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கால் விரல்களையும் துண்டுக்குள் விட்டுப் பேச வேண்டி வந்தது. அந்தக் கம்பெனிக்கு லாபமே கிடையாது, இல்லாத லாபத்துக்கு எத்தனை மடங்கு என்று காட்ட விரல் ஏது என்று கடைசியில் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளைக் கன்றின் காதில் நவ்யோமா லிமிடெட் என்று இருந்தது. பாலாடை மாதிரி நிறம், மை தீட்டிய கண், வாலைத் தூக்கினால் அது ஒரு தனி அழகு. நாச்சிமுத்து அதை மூன்று தரம் சுற்றி வந்து, முதுகு மயிரை விரலால் விலக்கிப் பார்த்து, சந்தை அடங்கி நிற்க, சுழி சொன்னார்.

"வாலடியில பொறப்பட்டுத் திமிலுக்கு ஏறுது பாருங்க, ஏறுபூரான் சுழி. நெத்தியில கோபுரச் சுழி. இந்த ரெண்டும் ஒரே கன்னுல இருந்து முப்பது வருசத்துல நான் பார்த்ததில்லீங்க. பல்லைப் பாருங்க, இன்னும் பால் பல்லு. இனிமேத்தான் இருக்குது இதுக்கு வளத்தி."

ஏறுபூரான் சுழி கீழிருந்து மேலே கோணல் மாணலாக ஏறுகிறதை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் பூபதி செல்போனில் படம் எடுத்து, பங்கு விலை ஏறுகிற படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பூபதி வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை அவர் சொன்னதை ஒரு பயல் காது கொடுத்துக் கேட்டதில்லை, இப்போது பிரம்போடு வேப்பமரத்தடியில் நின்று செல்போனுக்கு முன்னால் பேச ஆரம்பித்ததும் அறுபதாயிரம் பேர் கேட்டார்கள். நவ்யோமா என்ன செய்கிற கம்பெனி என்று மட்டும் அவரும் சொல்லவில்லை. பிருந்தா அதன் ஆண்டறிக்கையை வாசித்துப் பார்த்தாள், வழவழவென்று இருநூறு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் குழந்தைகள் புல்வெளியில் ஓடின, எதிர்காலத்தை இணைக்கிறோம் என்று போட்டிருந்தது, எதை எதோடு இணைக்கிறார்கள் என்று போடவில்லை. லாபம் வர இன்னும் எட்டு வருஷம் ஆகும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அதைக் கேட்ட ஊர், எவ்வளவு நேர்மையான கம்பெனி என்று மெச்சிக்கொண்டது.

மெச்சியதோடு நிற்கவில்லை, நகையை விற்று வாங்கியது, கறவை மாட்டை விற்று வாங்கியது. வாங்க வாங்க விலை ஏறியது, விலை ஏற ஏறக் கன்று வளர்ந்தது. புரட்டாசியில் இடுப்பளவு, ஐப்பசியில் நெஞ்சளவு. பங்குக்காரர்கள் கொட்டிய பருத்திக்கொட்டையையும் புண்ணாக்கையும் கடலைக்கொடியையும் மற்ற முப்பத்தாறும் சேர்ந்து தின்பதைவிட அதிகமாகத் தின்றது. எல்லோரும் அதன் முன்பக்கம் நின்று பார்த்தார்கள். மயிலாத்தாள் ஒருத்திக்குத்தான் பின்பக்கம் வேலை.

இருபத்திரண்டு வருஷமாகச் சாணி அள்ளுகிறவளுக்குச் சாணி ஒரு பாஷை. எந்த மாடு என்ன தின்றது, எதைத் தின்னாமல் விட்டது, எந்த மாட்டுக்கு உப்புத் தண்ணி ஊற்றி வயிற்றை ஊதவைத்து விற்க வந்திருக்கிறார்கள் என்று கூடையில் விழுவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள், என்ன, அவளைக் கேட்பாரில்லை. கம்பெனிக் கன்றுகள் வந்த ஒரு மாதத்தில் அவற்றின் வயிற்று நடமாட்டமும் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. சிமெண்டுக் கன்று மழை நாளில் மலம் கட்டிக்கொள்ளும். விமானக் கன்று தண்ணியாகவே போகும், பாவம். ஈரோட்டுப் பக்கம் குக்கருக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி ஒன்று, செவலைக் கன்று, நெஞ்சு குறுகி, காது தொங்கி, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாதது, யாரும் தீனி வைக்காமல் உதிர்ந்த வேப்பிலையையும் சிந்திய தவிட்டையும் பொறுக்கித் தின்றுகொண்டு, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று மணி அடித்த மாதிரி கெட்டியாகப் போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அதன்மேல் ஒரு பிரியம். அள்ள வருகிறவள் கூடையை நிரப்பி அனுப்புகிற ஜீவன்மேல் பிரியம் வராமல் என்ன செய்யும்?

வெள்ளைக் கன்று ஒரு தடவைகூடப் போடவில்லை.

முதலில் வேறு யாரோ முந்திக்கொண்டு அள்ளுகிறார்கள் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாரானாள். பிறகு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பின்னாலேயே உட்கார்ந்து பார்த்தாள், ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். தின்கிற வாய் ஓயவில்லை, பின்னால் ஒரு அசைவு இல்லை. பத்தாம் நாள் சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள்.

"ஏனுங்க, அந்த வெள்ளைக் கன்னு சாணியே போடறதில்லீங்க."

"அது உசந்த ரகம் புள்ள. தின்னது பூராவும் வளத்திக்கே போயிருது."

"அப்பிடி ஒரு மாடு இருக்குதுங்களா?"

"நீ பின்னாடி நின்னு பார்க்கறவ. உனக்கென்ன தெரியும்?" என்று நாச்சிமுத்து ரசம் கேட்டார்.

அவள் சொன்னது எப்படியோ கசிந்து சந்தைக்குப் போனது. பூபதி வாத்தியார் பிரம்பை ஆட்டி விளக்கினார். "சாணி என்பது போன தலைமுறையின் அளவுகோல். தின்று, ஜீரணித்து, போடுவது பழைய மாடல். இது போடாமலே வளரும் கன்று. சாணியைத் தேடுகிறவர்கள் எதிர்காலத்தைத் தவறவிடுவார்கள்." இதைக் கேட்ட பிறகு, சாணி காலில் மிதிபடாமல் நின்று சொறிய வசதியாக இருக்கிறதே என்று அதன் பங்கை மேலும் நானூறு பேர் வாங்கினார்கள். பிருந்தா மட்டும் ஒரு நாள் கூடைப் பக்கம் வந்து நின்று, "மயிலாக்கா, நீங்களா இருந்தா எதை வாங்குவீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். மயிலாத்தாள் சாணிக் கையாலேயே செவலையைக் காட்டினாள். பிருந்தா சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து மாதாமாதம் அதை வாங்கிப்போட்டாள், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இதோடு போயிருந்தால் மயிலாத்தாள் தன் கூடையுண்டு தானுண்டு என்று இருந்திருப்பாள். ஐப்பசி கடைசியில் நாச்சிமுத்து அவளுடைய இரண்டு ஏக்கரைக் கேட்டார்.

அது கல்யாணத்தின்போது அவள் அப்பன் அவள் பெயருக்கு எழுதி வைத்த மானாவாரி நிலம், சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தார் ரோட்டை ஒட்டிக் கிடந்தது. எள், கொள்ளு, சோளம் என்று வருஷத்துக்கு ஒன்று அவளே விதைப்பாள், அவளே அறுப்பாள். நாச்சிமுத்து அதில் கால் வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, தரகர் காலுக்குச் சந்தை மண்தான் ஒத்து வந்தது. இப்போது ரோட்டோரம் என்பதால் ஒரு நூல் மில்காரர் விலை கேட்டு வந்திருந்தார். விற்று அத்தனையையும் நவ்யோமாவில் போட்டுவிட வேண்டும் என்பது நாச்சிமுத்துவின் திட்டம். பத்திரம் எழுதித் தயாராக இருந்தது, அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மயிலாத்தாளுக்குப் பயமாக இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. உலகத்தில் அவள் குனிகிற இடமெல்லாம் அடுத்தவருடையது. குனிந்து நிமிர்ந்ததும் இது என்னுடையது என்று பார்க்கக் கிடைக்கிற இடம் அந்த இரண்டு ஏக்கர் ஒன்றுதான், அதுவும் போய்விட்டால் சாகும்வரை குனிந்தவள் குனிந்தபடி. முடியாது என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் நாச்சிமுத்து அதட்டவில்லை, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத குரலில் பேசினார்.

"முப்பது வருசமா அடுத்தவனுக்கு மாடு புடிச்சுக் குடுத்தேன் மயிலா. நான் கை காட்டுன மாட்டுல எத்தனை பேரு ஊடு கட்டீட்டான். எனக்குன்னு ஒரு வாலு இருக்குதா சொல்லு. இப்பத்தான் ஊரு என்னைய நிமுந்து பார்க்குது. எங் கண்ணுக்கு ஒரு கன்னு நல்லாப் படுது, அதை நானே வாங்கிக்கறனே."

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாகப் போயிற்று. அந்த மனுஷன் இத்தனை சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. மறுநாள் சந்தையில், நாலு பேர் கேட்கிறமாதிரியே சொன்னாள்.

"அது ஒரே ஒரு தடவை சாணி போடட்டுங்க. போட்ட எடத்துலயே கையெழுத்துப் போட்டுத் தந்தர்றேன்."

இதைவிட எளிய நிபந்தனை உலகத்தில் ஒரு மாட்டுக்கு யாரும் விதித்திருக்க மாட்டார்கள். நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஊர் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு வாரமாகியும் கன்று போடவில்லை என்றதும், அதுவரை எதிர்காலத்தின் அழகாக இருந்த விஷயம் எல்லோருக்கும் லேசாக உறுத்த ஆரம்பித்தது. வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து, வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வால் அசைந்தால் பங்கு ஏறியது, அடங்கினால் இறங்கியது. பூசாரி கற்பூரம் கொளுத்தினார். யாரோ விளக்கெண்ணெய் கொண்டுவந்து புகட்டினார்கள், அதையும் குடித்துவிட்டு நின்றது.

கார்த்திகை இரண்டாவது வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து நவ்யோமாவின் ஆள் ஒருவர் வந்து இறங்கினார், கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் பெரிய மோதிரம், மாட்டு ஈயை விரட்ட ஒரு கைக்குட்டை. சாணி வெளியீடு இந்தக் காலாண்டிலேயே திட்டமிடப்பட்டிருக்கிறது, முதலீட்டாளர்கள் பொறுமை காக்க வேண்டும் என்று பேசிவிட்டு, வந்திருந்த அத்தனை பேருக்கும் கம்பெனி செலவில் பிரியாணி என்றார். பந்தல் சந்தையின் மறு கோடியில் போட்டிருந்தது. ஊர் எழுந்து போனது. மயிலாத்தாளையும் பிருந்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், பசி யாரை விட்டது?

கை கழுவித் திரும்பி வந்தபோது வெள்ளைக் கன்றின் பின்னங்காலுக்கு நடுவில், வட்டமாக, பளபளவென்று, ஒரு சாணி கிடந்தது.

சந்தை போட்ட கூச்சலில் விமானக் கன்று மிரண்டு படுத்துவிட்டது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நவ்யோமா பன்னிரண்டு சதவீதம் ஏறியது. ஒரு பெரியவர் விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். நாச்சிமுத்து பத்திரத்தையும் பேனாவையும் தூக்கிப் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாக வந்தார், அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

"பார்த்தயா மயிலா! போட்டிருச்சு! கையெழுத்துப் போடு!"

மயிலாத்தாள் பேனாவை வாங்கவில்லை. வழக்கம்போலக் குனிந்தாள். சாணியை இரண்டு கையாலும் எடுத்து, இட்லியைப் பிட்டுப் பார்க்கிற மாதிரி நடுவில் பிட்டாள்.

"இது இந்தக் கன்னு போட்டதில்லீங்க."

"என்ன சொல்ற நீ?"

"உள்ளார பூரா வேப்பிலை. இந்த மகராசனுக்கு நீங்கெல்லாம் பருத்திக்கொட்டையும் புண்ணாக்குமா ஊட்டறீங்க, இது எங்கீங்க வேப்பிலையத் தின்னுச்சு? இது அந்தச் செவலை காத்தால போட்டது. சந்தேகமிருந்தாச் சுத்திப் பாருங்க, ஓரத்துல நாலு விரலு பதிஞ்சிருக்குது, மோதரத்தோட. மாட்டுக்கு ஏதுங்க மோதரம்?"

எல்லோரும் கோட்டுக்காரரின் கையைப் பார்த்தார்கள். அவர் கையைப் பின்னால் கொண்டுபோகாமல், நல்ல வேளையாகக் கேட்டீர்கள் என்பது போலப் புன்னகைத்தார்.

"உண்மைதான். நாங்கள் சாணியை வெளியில் கொடுத்துச் செய்துவாங்குகிறோம். இன்று உலகத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாமே இப்படித்தான் செய்கின்றன."

பூபதி வாத்தியார் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து முன்வரிசை ஆட்டியது, முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை ஆட்டியது, சாணி போடுகிற சிரமத்தைக்கூட அடுத்தவன் தலையில் கட்டிவிட்ட கம்பெனி எத்தனை கெட்டிக்காரக் கம்பெனி என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார், பங்கு மேலும் மூன்று சதவீதம் ஏறியது.

மயிலாத்தாளுக்கு வந்த கோபம் அதுவரை வந்திராத கோபம். பொய் சொன்னவன்மேல்கூட இல்லை, தலையை ஆட்டியவர்கள்மேல் வந்தது, அவர்களோடு சேர்ந்து ஆட்டிக்கொண்டு நின்ற தன் புருஷன்மேல் வந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நேரே போய், அவள் தோளுக்கு மேல் உயர்ந்து நின்ற அந்தக் கன்றின் வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

கன்று வந்தது. காலிக் கூடையைத் தூக்குகிற மாதிரி, அத்தனை சுலபமாக, நான்கு காலும் தொங்க, அசை போட்டுக்கொண்டே வந்தது. மூன்று மாதமாகத் தின்ற தீனி, சொறிந்த சொறி, விற்ற நகை, விற்ற மாடு அத்தனையும் உள்ளே போயும் ஒரு படி தவிட்டுக்கு உண்டான எடைகூட அதில் இல்லை. அவள் இன்னொரு கையால் அதன் விலாவைத் தட்டிக் காட்டினாள், தொம் தொம் என்று கேட்டது.

"இப்பவாவது பாருங்க. உள்ளார ஒண்ணுமே இல்ல, வெறுங் காத்து. கையெடுத்தாப் போயிரும்."

முதலில் பேசியது பூபதி வாத்தியார்தான். "எடையே இல்லை! கட்டடம் இல்லை, மெஷின் இல்லை, சரக்கு இல்லை, ஒரு சுமையும் இல்லாத கம்பெனி! இதைத்தானே இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தோம்!"

"விட்டுருவேன், போயிரும்னு சொல்றேன்!" என்று மயிலாத்தாள் கத்தினாள்.

"விடுங்கக்கா!" என்றது கூட்டம். "மேல போகட்டும் விடுங்க!"

அவள் விட்டாள்.

வெள்ளைக் கன்று வேப்பமரத்தின் உச்சியை உரசிக்கொண்டு மேலே ஏறியது, பதறவில்லை, காலை உதைக்கவில்லை, பிறந்ததிலிருந்து அதற்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான் என்பது போல ஏறியது. சந்தை அண்ணாந்து கைதட்டியது. கன்று பனைமர உயரம் போனபோது பங்கு இரட்டிப்பானது, பருந்து உயரம் போனபோது மூன்று மடங்கானது, குருவியளவு தெரிந்தபோது கோட்டுக்காரர் தன்னிடமிருந்த பங்கையெல்லாம் விற்றுவிட்டுக் காரில் ஏறிப் போனார், அதை யாரும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் கண் மேலே இருந்தது. புள்ளியாகித் தெரியாமல் போன பிறகும் பூபதி வாத்தியார் பிரம்பால் அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், தெரியவில்லை என்றால் எவ்வளவு உயரம் போயிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு அதற்கும் வாங்கினார்கள்.

மயிலாத்தாள்தான் கீழே பார்த்தாள், அவளுக்குக் கண் போகிற இடம் அது. நின்றவர்களின் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. பங்கு கொஞ்சம் வைத்திருந்தவர்கள் நாலு விரல், அதிகம் வைத்திருந்தவர்கள் முழங்காலளவு, சுங்கக் குத்தகைக்காரர் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் தலை இடிக்க மிதந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அது குறையாகப் படவில்லை, மேலே நன்றாகத் தெரிகிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள். நாச்சிமுத்து தரகுக் காசில் கொஞ்சம் வாங்கியிருந்தார் போல, ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டு, கழுத்தை வானத்திலிருந்து எடுக்காமலே பத்திரத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"மேல போயிருச்சு பாரு மயிலா. இப்பவாவது போடு. நாமளும் ஏறிக்கலாம்."

அவள் பத்திரத்தைப் பார்க்கவில்லை, நீட்டிய கையைப் பிடித்தாள். கையில் கனம் இல்லை. ஊர் மாடெல்லாம் கட்டி இழுத்த கை, கோபம் வந்தால் தாழ்வாரத் தூணில் அறைந்து வீட்டையே அதிரவைக்கிற கை, சேலைத் தலைப்பு மாதிரி அவள் விரலில் கிடந்தது. ஐயோ, இந்த மனுஷனை விட்டால் போய்விடுவாரே என்று அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு ஏக்கருக்காகத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தோம் என்று நினைத்திருந்தவளுக்கு, பயந்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. கூடையை அங்கேயே போட்டுவிட்டுக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் பின்னால் மிதந்தபடி, அண்ணாந்தபடி, எங்கே போகிறோம் என்று கேட்காமல் வந்தார். தார் ரோட்டில் எதிரே வந்தவர்கள், தரகர் நன்றாக இருக்கிறார் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

வேலிப் படலை ஒரு கையால் தள்ளிக்கொண்டு நிலத்துக்குள் போனாள். வரப்பில் ஏறும்வரை ஒரு மாற்றமும் இல்லை. உழவு மண்ணில் நாலு எட்டு வைத்ததும் அவள் தோள் கீழே இழுத்தது, திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் செருப்பு இரண்டும் ஈரமண்ணில் புதைந்து நின்றன. அவர் கால்களைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், ஒரு சாண் உயரத்துக்கு மூன்று மூன்று இலையாகப் பச்சை பிடித்து நின்ற பயிரை, வேறு யாருடைய ஊருக்கோ வந்துவிட்டவர் மாதிரிப் பார்த்தார்.

"என்ன வெதச்சிருக்கற?" என்று கேட்டார் கடைசியில்.

"கொள்ளுங்க."

அவர் உட்கார்ந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். கையிலிருந்த பத்திரம் மண்ணில் விழுந்ததை அவள் எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. ஒரு பெரிய ரகசியத்தைக் கேட்கிறவர் மாதிரி, குரலைத் தாழ்த்தி, மூன்று மாதமாக ஊர் முழுக்க அவரிடம் கேட்டதை அவர் அவளிடம் கேட்டார்.

"இது வளருமா மயிலா?"

"மழை பெஞ்சா வளருங்க."

நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார். கன்றைத் தேடவில்லை, மேகம் இருக்கிறதா என்று பார்த்தார்.